முதற் செய்முறை: ஒன்பது விசை கொண்ட மக்ரோ பலகை

ஆசிரியர் அவர்கட்கு,

உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு 2013 இல் தொடங்கிய பிறகு எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் இலத்திரனியல் சாமான்கள் வாங்குவது கூடியிருக்கிறது. நல்ல விடயம். ஆனால் பெற்றோர் கொடுக்கும் காசுக்கு வீட்டுக்கு வருவது பெரும்பாலும் ஒரே பெட்டிதான். விளக்கு மின்னும், கோட்டின் வழியே கார் ஓடும், பிறகு எல்லாம் அலுமாரிக்குள் போய்விடும். செய்த பிள்ளையே நாள்தோறும் கையில் எடுத்துப் பயன்படுத்தும் பொருளாக முதற் செய்முறை இருக்கவேண்டும். ஒன்பது விசை கொண்ட மக்ரோ பலகை அதற்கு மிகப் பொருத்தமானது. ஆசிரியர்களும் பெற்றோரும் இதைக் கவனிக்கவேண்டும் என்பதற்காகவே இந்தக் கடிதம்.

கணினியின் விசைப்பலகைக்குப் பக்கத்தில் வைக்கும் சின்னப் பலகை இது. ஒரு விசையை அழுத்தினால், முன்கூட்டியே எழுதிவைத்த தட்டுகள் முழுவதும் வரிசையாகக் கணினிக்குப் போகும். பாமினி எழுத்துருவில் ‘யாழ்ப்பாணம்’ என்று அடிக்க 11 தட்டு வேண்டும். திருமண அழைப்பிதழும் மரண அறிவித்தலும் அந்தியேட்டிக் கல்வெட்டும் நாள் முழுக்க அடிக்கும் அச்சகங்களில் இந்த ஒரு சொல் எத்தனை தரம் வரும் என்று யோசித்துப் பாருங்கள். அது ஒரே தட்டில் வரும்.

பலர் சறுக்குவது போர்ட் (சில்லு பொருத்திய மின்சுற்றுப் பலகை) வாங்கும் இடத்தில். பிள்ளைகளிடம் ஏற்கெனவே இருப்பது ஆர்டுயினோ ஊனோ. அதன் ஏரிமெகா328பி சில்லுக்குள் யூஎஸ்பி வசதி இல்லை. கணினியில் செருகினால் அது விசைப்பலகையாகத் தன்னைக் காட்டாது. இதற்கு வேண்டியது ஏரிமெகா32யூ4 சில்லுள்ள புரோ மைக்ரோ, அல்லது 2021 இல் வந்த றாஸ்பெரி பை பிக்கோ. எங்கள் தெரிவு பிக்கோதான். புரோ மைக்ரோவின் யூஎஸ்பி வாய் போர்ட்டிலிருந்து பிய்ந்து வருவது அடிக்கடி நடக்கும். அதுதான் கையில் உண்டு என்றால், வேலை தொடங்குமுன் அந்த வாயைச் சுற்றி எபொக்சி பசை பூசிவிடுங்கள்.

சாமான் அதிகமில்லை: பிக்கோ ஒன்று, எம்எக்ஸ் வகைச் சுவிச் (இயந்திர விசைப்பலகைகளில் விசைக்கு அடியில் இருப்பது) ஒன்பது, அவற்றுக்கான மூடி ஒன்பது, ஒன்றரை மீற்றர் அளவில் ஒற்றைக் கம்பி வயர். பழைய கணினி வலையமைப்பு வயரை உரித்தால் அருமையான கம்பி கிடைக்கும். யூஎஸ்பி வயர் தரவு போகும் வயராக இருக்கவேண்டும். சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவு வயருக்குள் இரண்டே கம்பிதான்; அதைச் செருகிவிட்டு ‘போர்ட் செத்துப்போச்சு’ என்று திருப்பிக் கொடுப்பவர்கள் நிறையப் பேர். எம்எக்ஸ் சுவிச்சுக்குக் காசு போதாவிட்டால் 12 மில்லிமீற்றர் அழுத்து பொத்தானும் போதும். அதன் நாலு காலும் உள்ளே இரண்டிரண்டாக இணைந்திருக்கும். பிழையான சோடியில் வயர் பிடித்தால் பொத்தான் எப்போதும் அழுத்தியபடியே இருப்பதாகக் கணினி நினைக்கும். மூலைக்கு மூலை உள்ள இரு கால்களில் பிடித்தால் அந்தத் தவறு வராது.

செய்முறை விளக்கங்கள் பலவற்றில், விசைகளை நிரை நிரலாக (கிடைவரிசை, நெடுவரிசையாக முனைகளைப் பகிரும்படி) கோர்த்து ஒவ்வொன்றுக்கும் 1என்4148 இருவாயி (மின்னோட்டத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் உறுப்பு) போடச் சொல்லியிருக்கும். ஒன்பது விசைக்கு அது வீண் வேலை. இருவாயி இல்லாத நிரை நிரலில், ஒரு செவ்வகத்தின் மூன்று மூலை விசைகளை ஒன்றாக அழுத்தினால் நாலாவது மூலையும் அழுத்தியதாகத் தெரியும். மின்னோட்டம் சுற்றுவழியால் வந்துவிடுவதே காரணம். அதைத் தடுக்கத்தான் இருவாயி. பிக்கோவில் விசை இணைக்கக்கூடிய முனைகள் 26 இருக்கும்போது விசைக்கொரு முனை தாராளமாகக் கொடுக்கலாம். இருபது முப்பது விசைக்குப் போகும்போது நிரை நிரலைப் பார்க்கலாம்.

ஒன்பது சுவிச்சிலும் ஒரு காலை மாலை கோர்ப்பதுபோல ஒரே வயரால் இணைத்து கிரவுண்ட் (மின்சுற்றின் சுழிய வோல்ற்று) முனைக்குக் கொண்டுபோங்கள். மற்றக் கால்கள் ஜீபி2 தொடக்கம் ஜீபி10 வரை பெயருள்ள முனைகளுக்கு ஒவ்வொன்றாகப் போகும். இங்கே கவனம் வேண்டும். ஜீபி2 என்பது ஓரத்திலிருந்து எண்ணிவரும் இரண்டாவது முனை அல்ல, நாலாவது. மூன்றாவது, எட்டாவது, பதின்மூன்றாவது முனைகள் கிரவுண்ட். எண்ணிப் பிடித்தவரின் பலகையில் சில விசைகள் பேசாமல் கிடக்கும், சில இடம்மாறி வேலை செய்யும். போர்ட்டின் அடிப்பக்கத்தில் அச்சிட்ட பெயரை வாசித்துப் பிடியுங்கள். பிக்கோவின் முனைகள் 3.3 வோல்ற்றுக்கானவை, 5 வோல்ற்றைத் தொடவிடக்கூடாது.

பற்றாசு பிடிக்க 63/37 ஈய வெள்ளீயக் கம்பி, 0.8 மில்லிமீற்றர், நடுவில் குங்கிலியம் உள்ளது நல்லது. அது 183 பாகையில் உருகும். பற்றாசுக் கோலின் நுனி 320 தொடக்கம் 350 வரை இருக்கட்டும். சுவிச்சின் காலில் மூன்று விநாடிக்கு மேல் கோலை வைத்தால் பிளாஸ்ரிக் இளகிக் கால் சாய்ந்துவிடும், பிறகு அந்த விசை ஒருதரம் பிடிக்கும் ஒருதரம் பிடிக்காது. தகர வேலைக்குப் பாவிக்கும் நவச்சாரத்தையோ அமிலத்தையோ கிட்டவும் கொண்டுவராதீர்கள். சில மாதத்தில் செம்பைத் தின்று பச்சை பூக்கவைக்கும். ஈயம் தொட்ட கையைக் கழுவாமல் பிள்ளைகளைச் சாப்பிட விடக்கூடாது.

சுவிச் அமரும் துளை 14 மில்லிமீற்றர் சதுரம், நடுவுக்கு நடு 19.05 மில்லிமீற்றர். பெயர்ப்பலகை வெட்டும் கடைகளில் லேசரால் வெட்டுவிக்கலாம். லேசர் தானும் கொஞ்சம் எரித்துத் தின்னும் என்பதால் வரைபடத்தில் 13.9 என்று போடுவது புத்தி. சுவிச்சின் கொளுக்கி 1.5 மில்லிமீற்றர் தடிப்புக்குச் செய்தது. 3 மில்லிமீற்றர் பேர்ஸ்பெக்ஸில் அது கொளுவாது, மூடியைக் கழற்றும்போது சுவிச்சே கையோடு வரும். அடியில் சூட்டுப்பசை வைத்தால் நிற்கும். முப்பரிமாண அச்சில் பிஎல்ஏ பிளாஸ்ரிக்கால் செய்த பெட்டி 60 பாகையளவில் இளகத் தொடங்கும். பங்குனி சித்திரை வெயிலில் பூட்டிய வாகனத்துக்குள் விட்டால் நெளிந்துவிடும்.

மென்பொருளுக்கு, போர்ட்டிலுள்ள வெள்ளைப் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி செருகினால் அது ஒரு பென்டிரைவ் போலத் தோன்றும். அதற்குள் சேர்க்கிட் பைதன் (போர்ட்டில் ஓடும் நிரல்மொழி) கோப்பைப் போட்டால் போர்ட் தானே மீளத் தொடங்கி இன்னொரு பென்டிரைவாகத் தோன்றும்; அதற்குள் அடாஃப்ரூட் எச்ஐடி நூலகத்தை (போர்ட்டை விசைப்பலகையாகப் பேசவைக்கும் ஆயத்த நிரல்) சேர்த்து, விசைகளுக்கான நிரலை எழுதவேண்டும். சேர்க்கிட் பைதனும் நூலகமும் ஒரே பதிப்புத் தலைமுறையைச் சேர்ந்தவையாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் நூலகம் திறக்காது. சுவிச்சின் உலோகம் தொடும்போது சில மில்லிவிநாடிகள் துள்ளும். அதைக் கவனியாமல் எழுதிய நிரலில் ஒரு தட்டு இரண்டு மூன்றாக விழும். சேர்க்கிட் பைதனின் ‘கீபாட்’ தொகுதி 20 மில்லிவிநாடிக்கு ஒருதரம் பார்ப்பதால் அந்தத் தலையிடி இல்லை.

தமிழுக்கு வரும்போதுதான் உண்மையான சிக்கல். விசைப்பலகை கணினிக்கு அனுப்புவது எழுத்தை அல்ல, விசையின் எண்ணை. அந்த எண்ணை எந்த எழுத்தாக்குவது என்று தீர்மானிப்பது கணினி. பாமினிக்கு எழுதிய மக்ரோவைப் பாமினி தெரிவுசெய்யாத இடத்தில் அழுத்தினால் ‘ஏ, எச், ஓ, அரைப்புள்ளி, ஜீ’ என்று ஆங்கில எழுத்துகள் வந்து நிற்கும். வேறு விசையமைப்பு இயங்கும் கணினியில் அதே மக்ரோ வேறெதையோ அடிக்கும். கப்ஸ் லொக் போட்டிருந்தாலும் பிழைக்கும். பாமினியில் மட்டும் வேலை செய்பவர் தட்டுகளை நேரடியாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் இடையில் 10 மில்லிவிநாடி இடைவெளி விட்டால் பழைய கணினியிலும் எழுத்து விழுந்துபோகாது.

யூனிகோட்டில் எழுதுபவருக்கு இதைவிட நல்ல வழி உண்டு. சாதாரண விசைப்பலகையில் எஃப்12 வரைதான் இருக்கும். ஆனால் யூஎஸ்பி விதியில் எஃப்13 தொடக்கம் எஃப்24 வரைக்கும் எண்கள் உண்டு, 104 முதல் 115 வரை. ஒன்பது விசைக்கும் எஃப்13 முதல் எஃப்21 வரை கொடுத்துவிட்டு, விண்டோஸ் கணினியில் ஒட்டோஹொட்கீ (விசைக்கு வேலை ஒதுக்கும்) மென்பொருளால் ஒவ்வொன்றுக்கும் தமிழ்த் தொடரை எழுதிவைக்கலாம். விசையமைப்பு எதுவாக இருந்தாலும் எழுத்து மாறாது. அந்தக் கோப்பை யூரிஎஃப்-8 (யூனிகோட் எழுத்தைச் சேமிக்கும் முறை) ஆகச் சேமிக்கவேண்டும், இல்லாவிட்டால் தமிழ் குப்பையாக வரும்.

எவரும் இந்த விசைகளில் கடவுச்சொல்லை எழுதிவைக்க வேண்டாம். சேர்க்கிட் பைதனில் நிரல் மறைவின்றி அந்த பென்டிரைவுக்குள்ளேயே கிடக்கும். பலகையைக் கையில் எடுத்தவர் எவரும் அதை வாசித்துவிடலாம்.

இப்படிக்கு,
இலத்திரனியல் ஆர்வலர்கள் சிலர்,
நல்லூர், யாழ்ப்பாணம்.