ஜூன் 14 கூடுகை: பதாகை வேலை, அப்புறம் சட்டப் பேச்சு

தோழிகளே, வணக்கம்.

தன்பால் ஈர்ப்பாளரும் திருநரும் சேர்ந்து மாதக் கடைசியில் நடத்தும் சென்னை வானவில் பேரணிக்கு முன் நாம் ஒருமுறை உட்கார்ந்தாக வேண்டும். ஜூன் 14, ஞாயிறு, மாலை 3 முதல் 6 மணி வரை. இடம் எழும்பூர் பக்கம். முகவரியைப் பெயர் கொடுத்தவர்களுக்கு மட்டும் தனியாக அனுப்புவேன்.

1. பதாகைக்குப் பழைய வேட்டி இருந்தால் கொண்டு வாருங்கள். போன வருடம் சார்ட் தாளில் எழுதினோம். ஒரு தூறலில் 'தோழி' கரைந்து 'தோ' மட்டும் மிஞ்சியது. இந்த முறை துணியும் பெயின்ட்டும்தான்.

2. நாலரைக்கு ஒரு வக்கீல் அக்கா பேசுகிறார். 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், 25 வயதுப் பெண் ஒருவரை அவர் விருப்பப்படி தன் துணையான தோழியுடன் போக விட்டது. குடும்பம் அமைக்கக் கல்யாணம் ஒன்றே வழியில்லை என்றும் சொன்னது. சரி, வீட்டார் 'காணவில்லை' என்று போலீசில் புகார் கொடுத்தால் நாம் என்ன செய்வது? முக்கியமாக அதைத்தான் கேட்கப் போகிறோம். கேள்விகளை முன்கூட்டியே எனக்கு அனுப்பலாம். யார் கேட்டது என்று சொல்ல மாட்டேன்.

3. முகம் தெரியும் படம் வேண்டாம். வீட்டில் இன்னும் சொல்லாதவர்கள் நம்மில் நிறையப் பேர்.

4. குழந்தையோடு வரலாம். சுண்டல், டீ உண்டு.

வருகிறவர்கள் புதன் இரவுக்குள் 'வர்றேன்' என்று எனக்குத் தனியாக அனுப்புங்கள், குழுவில் போட வேண்டாம். இதை யாருக்கும் பார்வர்டு செய்யாதீர்கள்.