படகு ஒன்றா, இரண்டா?

அன்பு அம்மிணிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் இப்போது பரவாயில்லை, மாடிப்படி ஏறுகிறாள். பெரியம்மா வீட்டு விசேஷம் நல்லபடியாக முடிந்தது. நீ அனுப்பிய பணமும் வந்து சேர்ந்தது. உன் பேரில் மட்டும் வந்திருந்ததால் மொய் எழுதியவர் உன் பேரைப் போடப் போனார். மாப்பிள்ளை பேரை முதலில் எழுதுங்கள் என்று சொல்லிவிட்டேன். எப்போதும் எழுதுவது அப்படித்தானே.

நீ அனுப்பிய மூன்று வண்டிகளின் விவரத்தையும் பார்த்தேன். பிக்கப், சியன்னா வேன், சுபாரு அவுட்பேக் கார். துடுப்புப் போடும் கயாக் படகை ஏற்றிக்கொண்டு போக எது சரிவரும் என்று கேட்டிருக்கிறாய். படித்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தை அம்மாவிடம்கூடக் காட்டிக்கொள்ளவில்லை. நாமக்கல்லில் லாரி ஓட்டியவனின் பொண்ணு டொராண்டோவில் வண்டி வாங்கும்போது அப்பாவைக் கேட்கிறாள். பக்கத்திலேயே கேட்க ஆள் இருந்தும் என்னைக் கேட்டிருக்கிறாய்.

போனில் சொல்லியிருக்கலாம். பக்கத்தில் அம்மா இருப்பாள், நீயும் ஏதாவது வேலைக்கு நடுவில் இருப்பாய். பொங்கலுக்கு அப்புறம் நீ பேசுவதே குறைந்துபோய்விட்டது. அதனால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். நிதானமாகப் படி.

முதலில் ஒரு கேள்வி. ஏற்றப்போவது ஒரு படகா, இரண்டா? நீ அதை எழுதவில்லை. போன தீபாவளிக்கு நீங்கள் இரண்டு பேரும் வீடியோவில் வந்தபோது, இரண்டு பேர் உட்காரும் கயாக் வாங்கப்போகிறோம், ஜார்ஜியன் விரிகுடாவில் தீவு தீவாகப் போய்க் கூடாரம் அடிக்கப்போகிறோம் என்று மாப்பிள்ளைதான் விவரமாகச் சொன்னார். 20 அடிக்கு மேல் நீளம், 40 கிலோவுக்கு மேல் எடை என்றார். இப்போது நீ அனுப்பியிருக்கும் படத்தில் இருப்பது ஒருவர் உட்காரும் 17 அடிப் பிளாஸ்டிக் படகு, 27 கிலோ. அவருக்குத் தனியாக இன்னொன்று வாங்குகிறீர்களா? லோடு தெரியாமல் வண்டி சொல்லக் கூடாது, அதற்காகத்தான் கேட்கிறேன்.

கணக்கு எப்படி வருகிறது என்று பார். வண்டி ஓடும்போது கூரை எவ்வளவு தாங்கும் என்று கையேட்டில் போட்டிருப்பார்கள். நிறைய கார்களில் அது 75 கிலோவை ஒட்டித்தான் இருக்கிறது. நிற்கும்போது தாங்கும் எடை அதைவிடப் பல மடங்கு. விற்கிறவர் அந்தப் பெரிய எண்ணைக் காட்டினால் காதில் போட்டுக்கொள்ளாதே. குறுக்குக் கம்பி, படகுத் தாங்கி எல்லாம் சின்ன எண்ணுக்குள்தான் அடங்க வேண்டும். படகு 27, கம்பியும் தாங்கியும் சேர்ந்து 15 என்று வைத்தால் 42 ஆகிறது. தாராளம். இரண்டு படகு என்றால் 69. அதற்கு மேல் ஒரு பைகூட மேலே போடக் கூடாது. நீ வாங்கும் வண்டியின் எண் என்ன என்பதைக் கையேட்டிலேயே பார், யார் வாய்ச்சொல்லையும் நம்பாதே.

பிக்கப்பை விட்டுவிடு. அப்பா அதைத்தான் சொல்வார் என்று நீ நினைத்திருப்பாய். அந்த வண்டியின் தொட்டி ஐந்தரை அடி. பின்கதவைத் திறந்து போட்டாலும் ஏழரை அடியைத் தாண்டாது. மீதி ஒன்பது அடிக்கு மேல் படகு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். ஒன்டாரியோ சட்டப்படி 1.5 மீட்டரும் அதற்கு மேலும் பின்னால் நீட்டினால் பகலில் சிவப்புக் கொடியோ சிவப்பு அடையாளமோ கட்ட வேண்டும், இருட்டில் சிவப்பு விளக்கு வேண்டும். கட்டிவிடலாம்தான். ஆனால் கம்பி லோடு நீட்டிக்கொண்டு நின்ற வண்டியால் நம் வீட்டில் என்ன ஆயிற்று என்று உனக்குத் தெரியும். அப்படி ஒரு வண்டியை நீ ஓட்ட வேண்டாம். கேபினுக்கு மேல் கம்பி போட்டு ஏற்றலாம் என்றால் உயரம் ஆறடிக்கு மேல் போகிறது. அந்த உயரத்துக்குப் படகைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும்.

எனக்குப் பிடித்தது வேன்தான். கூரை நீளம் என்பதால் இரண்டு குறுக்குக் கம்பிகளையும் நன்றாகத் தள்ளித் தள்ளி மாட்டலாம். கம்பிகளுக்கு நடுவில் இடைவெளி கூடக்கூட நீளமான படகு காற்றில் ஆடாது. கூடாரம், அடுப்பு, துடுப்பு, உயிர்க்கவசம் எல்லாம் உள்ளேயே நனையாமல் இருக்கும். ஈரத் துணியை மாற்ற மறைவிடம் கிடைக்கும். மழை விடவில்லை என்றால் இரண்டு பேரும் உள்ளேயே படுத்துக்கொள்ளலாம். சியன்னா 2021 மாடலிலிருந்து எல்லாமே ஹைப்ரிட், பெட்ரோல் மிச்சமாகும். ஒரு குறை, அதில் நடு வரிசை சீட்டைக் கழற்ற முடியாது. சீட்டுக்குள்ளேயே ஏர்பேக் வைத்திருக்கிறார்கள். தரை முழுக்கக் காலியாக வேண்டும் என்றால் பழைய டாட்ஜ் கிராண்ட் கேரவன் பார்க்கலாம், அதில் சீட்டுகள் தரைக்குள் மடங்கிப் போகும். உங்கள் ஒன்டாரியோவில், வின்ட்சரில் செய்த வண்டி. 2020-இல் நிறுத்திவிட்டார்கள், அதனால் பழையதுதான் கிடைக்கும். இரண்டு பேர் போவதாக இருந்தால் யோசிக்காமல் வேன் வாங்கு என்பேன்.

தனியாக ஏற்றுவதாக இருந்தால் அவுட்பேக்.

இதைச் சொல்வதற்கு முன்னால் ரொம்ப யோசித்தேன். 2022 அவுட்பேக்கின் கூரை 1.68 மீட்டர், சியன்னா 1.74. மேலே கம்பி, அதற்கு மேல் தாங்கி என்று இரண்டிலும் உயரம் ஏறத்தான் செய்யும். வித்தியாசம் நாலு விரல்கடைதான். ஆனால் கை தலைக்கு மேல் போன பிறகு அந்த நாலு விரல்கடைதான் தோளைக் காப்பாற்றும். நீ உயரமில்லை, உனக்கு வலது தோள் வேறு சரியில்லை. வண்டி நீளம் 4.86 மீட்டர், 17 அடிப் படகு 5.18. முன்னும் பின்னும் கொஞ்சம்தான் நீட்டும், கொடி கட்டும் தொல்லை இல்லை. தரைக்கும் அடிப்பாகத்துக்கும் 22 சென்டிமீட்டர் இருக்கிறது, நான்கு சக்கரமும் இழுக்கும். படகு இறக்கும் இடத்துக்கு மண்பாதையில் போகலாம்.

ஏற்றும் முறையையும் சொல்கிறேன். ஒரே மூச்சில் 27 கிலோவையும் தூக்காதே. வண்டியின் பின்கூரை விளிம்பில் வழுக்காத ரப்பர் விரிப்பு ஒன்றைப் போடு. படகின் மூக்கை மட்டும் தூக்கி அதன் மேல் வை. பாதி எடை வண்டிக்குப் போய்விடும். அப்புறம் பின்னால் போய் வாலைத் தூக்கி மெல்லத் தள்ளு. இன்னொரு வழியும் இருக்கிறது. பக்கவாட்டில் இடுப்பு உயரத்துக்கு இறங்கிவந்து, படகை வைத்ததும் காற்றடைத்த உந்துதண்டின் (காஸ் ஸ்ட்ரட்) பலத்தில் மேலே போகும் தாங்கி ஒன்று விற்கிறார்கள். 40 பவுண்டு வரை அதுவே சுமக்குமாம், அதாவது 18 கிலோ. உன் கைக்கு வருவது மீதி 9 கிலோதான். விலை அதிகம், அதன் எடையையும் கூரைக் கணக்கில் சேர்க்க வேண்டும். இருந்தாலும் வாங்கு. பெரிய வண்டிக்குக் கொடுக்கும் பணத்தை இதற்குக் கொடு. குறைந்தால் நான் அனுப்புகிறேன். வேண்டாம் என்று சொல்லாதே.

கட்டுவதில்தான் எல்லாம் இருக்கிறது. நெம்பி நெம்பி இறுக்கும் ராட்செட் பெல்ட் போடாதே. அதன் இறுக்கத்தில் படகு நசுங்கிவிடும், வெயிலில் நின்றால் பிளாஸ்டிக் இளகிக் குழி விழும். கையால் இழுத்துப் பூட்டும் சாதாரணப் பட்டையே போதும். பட்டையில் ஒரு முறுக்கு விட்டுக் கட்டினால் காற்றில் விர்ரென்று சத்தம் வராது. நடுவில் இரண்டு பட்டை போட்டாலும் மூக்கிலிருந்து ஒரு கயிறும் வாலிலிருந்து ஒரு கயிறும் வண்டியில் கட்டாமல் கிளம்பக் கூடாது. 400 நெடுஞ்சாலையில், விரிகுடாக் கரையில் இருக்கும் பாரி சவுண்டு ஊருக்கு 225 கிலோமீட்டராவது வரும். பெரிய டிரக் கடக்கும்போது காற்று கீழிருந்து படகின் மூக்கைத் தூக்கும், அந்த முன்கயிறுதான் பிடித்து நிறுத்தும். கிளம்பிப் பத்துக் கிலோமீட்டரில் ஓரமாக நிறுத்திப் பட்டைகளைத் தொட்டுப் பார். முதல் பத்துக் கிலோமீட்டரில்தான் எந்தக் கட்டும் தளரும். திரும்பி வரும்போதும் அதேதான். களைப்பாக இருக்கிறது என்று விட்டுவிடாதே.

நீ வாங்குவது பழைய வண்டி என்பதால் அடிப்பாகத்தை அவசியம் பார்க்க வேண்டும். அங்கே பனிக்காலத்தில் சாலையில் உப்புப் போடுகிறார்கள், அது அடியிலிருந்து தின்றுகொண்டே வரும். மேலே பளபளவென்று இருக்கும். கதவுக்குக் கீழே உள்ள விளிம்பு, பிரேக் குழாய், சஸ்பென்ஷன் பொருந்தும் இடம் மூன்றையும் டார்ச் அடித்து வீடியோ எடுத்து அனுப்பு. நான் பார்த்துச் சொல்லும்வரை முன்பணம் கொடுக்காதே. தனிநபரிடம் வாங்கினால் அந்த வண்டியின் பழைய சொந்தக்காரர்கள், கடன் பாக்கி எல்லாம் உள்ள அரசாங்க விவரத் தொகுப்பை விற்பவர் உன் கையில் கொடுத்தாக வேண்டும். பாதுகாப்புச் சான்றிதழையும் கேட்டு வாங்கு.

வண்டியைப் பற்றி இவ்வளவும் எழுதிவிட்டேன். என் தூக்கம் போவது தண்ணீரை நினைத்துத்தான். நம் தோட்டத்துக் கிணற்றில் முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு குதித்தவள் நீ. பங்காளி வீட்டுப் பையன்கள் விளிம்பில் நின்று அழுதுகொண்டிருந்தபோது நீ உள்ளே இருந்தாய். உனக்கு நீச்சல் தெரியாதா என்று அம்மா கேட்கிறாள். நன்றாகவே தெரியும். ஆனால் அந்தக் கிணறு வேறு, மே மாதத்து ஜார்ஜியன் விரிகுடா வேறு. மனிடோபா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கார்டன் கீஸ்பிரெக்ட் சொல்லும் ஒரு கணக்கைப் பார்த்தேன். பனிக்குளிர்த் தண்ணீரில் விழுந்தால் மூச்சு நிலைக்கு வரவே 1 நிமிடம். கைகால் சொன்னபடி கேட்பது 10 நிமிடம். நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம். அந்தப் பத்து நிமிடத்துக்குள் படகில் ஏறியாக வேண்டும். உயிர்க்கவசத்தைப் படகில் வைத்திருந்தால் சட்டத்துக்குப் போதுமாம். எனக்குப் போதாது. கரையிலேயே மாட்டிக்கொள். 15 மீட்டர் மிதக்கும் கயிறு, விசில், தண்ணீர் இறைக்கும் பம்பு எல்லாம் எடுத்துக்கொள். கயிறு இருந்தால் அதை வீச ஆள் வேண்டும் இல்லையா? விசில் அடித்தால் கேட்க ஆள் வேண்டும். தனியாகப் போகாதே. பக்கத்துப் படகில் யாராவது இருக்க வேண்டும். யாராக இருந்தாலும் சரி. அலுவலகத்துத் தோழி, கயாக் கற்றுக்கொடுக்கிறவர்கள், யாரோ ஒருவர்.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். அவர் பேசிச் சில மாதம் ஆகிறது. வேலை அதிகம் என்று நீ சொன்னாய், இருக்கும். அவருக்குப் போட்ட வாட்ஸப்புக்குப் பதில் வரவில்லை, அதற்காக நான் ஒன்றும் நினைக்கவில்லை. அம்மாவிடம் அவர் வெளியூர் போயிருப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறேன். உனக்கும் தெரிந்திருக்கட்டும், அவள் கேட்டால் அதையே சொல். இல்லை, வேறு ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றினால் அதைச் சொல். அவளை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ எப்படிச் சொன்னாலும் நாங்கள் இரண்டு பேரும் உன் பக்கம்தான். இதை எழுதிக் காட்ட வேண்டியதில்லை, இருந்தாலும் எழுதிவிட்டேன்.

சரி, முடிவாக ஒன்று. நீ தனியாக ஏற்றி இறக்கக்கூடிய வண்டியையே வாங்கு. யார் கூட வந்தாலும் வராவிட்டாலும் உன் கையால் ஆகிற வண்டியாக இருக்கட்டும். பின்னால் இன்னொரு படகு சேர்ந்தால் அதற்கும் அந்தக் கூரையில் இடம் இருக்கிறதா என்று கையேட்டு எண்ணை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்.

இன்னொரு விஷயம். போன வருடம் நீங்கள் கூப்பிட்டபோது தோட்டத்தைக் காரணம் சொல்லி வேண்டாம் என்றேன். இந்தக் கோடைக்கு நானும் அம்மாவும் வருகிறோம். வாழைக்குத் தண்ணீர் விட ஆள் பேசிவிட்டேன். பாஸ்போர்ட் இரண்டு பேருக்கும் 2029 வரை இருக்கிறது. பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோருக்குக் கொடுக்கும் சூப்பர் விசாவுக்கு ஒரு வருடத்து மருத்துவக் காப்பீடு வேண்டுமாம், குறைந்தது 1 லட்சம் கனடா டாலருக்கு. அந்தச் செலவு என்னுடையது. உன்னிடமிருந்து அழைப்புக் கடிதமும் சம்பளச் சான்றும் வர வேண்டும். கடிதத்தில் நீ ஒருத்தி கையெழுத்துப் போட்டால் போதும். விசாரித்துவிட்டேன்.

இப்படிக்கு,
அப்பா