எண்ணெய் பாட்டிலையும் தராசுல வை

வண்ணாரப்பேட்டை

அன்பு பாப்பாவுக்கு,

சாப்பாட்டுக் கணக்கு போடற ஆப்ல தினமும் 1,300 கலோரிதான் காட்டுது, எடை மட்டும் அசையலன்னு போன்ல அழாத குறையா சொன்ன. உன் உடம்பைக் குறை சொல்லாதே. கணக்குல ரெண்டு இடத்தைப் பாரு.

ஒண்ணு, அரிசி. வேகாத அரிசி 100 கிராம் சுமார் 350 கலோரி. அது தண்ணி குடிச்சு 250, 300 கிராம் சோறா உப்பிடும். அதனால 100 கிராம் சோறு 130 தான். அரிசியை எடை போட்டுட்டு ஆப்ல சோறுன்னு இருக்கறதை அமுக்கினா 350 சாப்பிட்டுட்டு 130ன்னு எழுதிடுவ. எந்த நிலையில எடை போட்டியோ அதையே தேடு. ரூம்ல எல்லாருக்கும் சேர்த்து குக்கர் வச்சா, உன் தட்டுல போட்ட சோத்தை எடை பாரு.

இன்னொண்ணு எண்ணெய். பாதிப் பேருக்கு கணக்கு உதைக்கறது இங்கதான். மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு 9. தாளிக்கறதுக்கு முன்னாடி பாட்டிலைத் தராசுல வை, ஊத்திட்டு திரும்ப வை. குறைஞ்ச கிராமை ஒன்பதால பெருக்கு. ரெண்டு தோசைக்கு 15 கிராம் போயிருந்தா அதுவே 135. மாசக் கணக்குலயும் சரிபார்க்கலாம்: ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம், நீ ஒருத்தியே மாசத்துல அதைத் தீர்த்தா தினம் 30 கிராம், 270 கலோரி. டீக்கு ரெண்டு ஸ்பூன் சர்க்கரைன்னா 40, அதையும் எழுது.

ஊருக்கு வந்தா பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ, அந்த பர்மா நூடுல்ஸ், சாப்பிடாம இருக்க மாட்ட. அதுக்கு ஆப் காட்டற எண்ணை நம்பாதே. ஊத்தற எண்ணெயும் நொறுக்கிப் போடற பேஜோ பொரியலும் கடைக்குக் கடை மாறும். நிம்மதியா சாப்பிடு, அன்னிக்குக் கணக்கு வேண்டாம்.

300 கலோரி பிஸ்கட்டும் 300 கலோரி நெத்திலிக் குழம்புச் சோறும் ஆப்புக்கு ஒண்ணுதான். பிஸ்கட் தின்னா கொஞ்ச நேரத்துல திரும்பப் பசிக்கும். மீன்ல இருக்கற புரதம் தாங்கும். 100 கிராம் மீன்ல சுமார் 20 கிராம் புரதம். அதனால ஒவ்வொரு வேளையும் முட்டையோ மீனோ பருப்போ, கூட ஒரு கை காய் இருக்கான்னு முதல்ல பாரு, அப்புறம் எண்.

கணக்கைச் சரி பண்ணின அப்புறமும் 1,300-லயே நிக்காதே, அது உனக்குப் பத்தாது. உட்கார்ந்து வேலை பாக்கற 55 கிலோ பொண்ணுக்கு தினம் 1,660 கலோரி தேவைன்னு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2020-ல சொல்லியிருக்கு. 1,400க்குக் கீழ போகாதே.

எடையைக் காலையில, வெளிக்குப் போயிட்டு, வெறும் வயித்துல பாரு. உப்புக் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்ட மறுநாளும், மாசவிலக்கு சமயத்துலயும் ஒரு கிலோ ஏறினா அது தண்ணி, கொழுப்பில்ல. வாரச் சராசரியை மட்டும் எழுது.

ரெண்டு வாரம் இப்படிப் பண்ணினா கண்ணே அளவு பழகிடும். அப்புறம் ஆப் தேவையில்ல. நடுவுல தட்டைப் பாத்தாலே பயம் வந்தா, அன்னிக்கே ஆப்பை அழிச்சிட்டு எனக்குப் போன் போடு.

ஞாயித்துக்கிழமை எண்ணெய்க் கணக்கை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பு, பாக்கறேன்.

அம்மா