சிவப்பு வட்டத்துக்குள் எழுதப்படாத உலகங்கள்: நடுவர் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நடுவர்கள் மூவருக்கும் வணக்கம்.

விண்கப்பல் பயணிகளாகப் பாத்திரமேற்று, நடுவர்களாகிய தாங்கள் படைத்துத் தரும் உலகங்களில் பகடை உருட்டி நாங்கள் ஆடும் டிராவலர் என்னும் மேசை ஆட்டத்தில், சென்ற ஞாயிற்றுக்கிழமை அமர்வில் நடந்தவற்றைத் தாங்கள் அறிவீர்கள். பதினான்கு அமர்வுகளாக நாங்கள் தேடிச் சென்ற தடைசெய்யப்பட்ட உலகத்தின் எல்லையில் காவல் கப்பல் எங்களை மறித்துத் திருப்பியதில் எனக்கு மனக்குறை எதுவும் இல்லை. தடை என்றால் காவல் இருக்கத்தான் செய்யும். ஆனால் பகடைகளை எடுத்து வைத்த பிறகு, அந்த உலகம் எதற்காக மூடப்பட்டது என்று நாங்கள் கேட்டபோது, "அது இரகசியம், இன்னும் எழுதவில்லை" என்று தங்களில் ஒருவர் சொன்னாரே, அந்தப் பதிலைத்தான் ஒரு வாரமாகியும் என்னால் ஏற்க முடியவில்லை.

டிராவலர் ஆட்டம் 1977இல் வெளிவந்தது. அதன் கற்பனை விண்வெளிப் பேரரசின் வரைபடத்தில் எச்சரிக்கைக்குரிய உலகங்களுக்கு மஞ்சள் குறியும், எவரும் இறங்கக் கூடாத உலகங்களுக்குச் சிவப்புக் குறியும் இடுகிறார்கள். கொள்ளைநோய், போர், வெளியார் தொட்டால் சிதைந்துவிடக்கூடிய இளம் நாகரிகம், பேரரசு மறைக்க விரும்பும் பழம்பொருள் என்று மூடுவதற்குக் காரணங்கள் பல இருக்கலாம். ஓர் உலகத்தின் அளவையும் காற்றையும் நீரையும் மக்கள்தொகையையும் பகடை உருட்டியே பெற்றுவிடலாம். அதை நான் குறை சொல்லவில்லை, ஆட்டத்தின் அழகே அதில்தான் இருக்கிறது. ஆனால் சிவப்புக் குறியை நடுவர்தான் தம் முடிவாக இடுகிறார். முடிவு தங்களுடையதானால் காரணமும் தங்களிடம் இருந்தாக வேண்டும் அல்லவா?

எங்கள் கப்பலின் வழிகாட்டியாக ஆடும் மாணவியைத் தாங்கள் அறிவீர்கள். மண்டபம் ஊருக்கு அருகிலுள்ள கடற்கரைக் கிராமத்திலிருந்து இரண்டு பேருந்து மாறி வருகிறார். அவருடைய பாத்திரத்தின் அண்ணன் அந்த மூடிய உலகத்துக்குள் போய்த் திரும்பாதவன். எத்தனை தொலைவானாலும், விண்மீனிலிருந்து விண்மீனுக்குக் கப்பல் தாவும் 'ஜம்ப்' ஒன்றுக்கு ஒரு வாரம் ஆகும் என்பதால், எந்தத் துறைமுகத்தில் எந்த நாளில் எரிபொருள் நிரப்பினோம், 480 மாதத் தவணையில் வாங்கிய கப்பலுக்கு எந்த மாதம் கடன் கட்டத் தவறினோம் என்பதையெல்லாம் ஒரு நீள நோட்டில் அவர் எழுதி வந்தார். தாங்கள் தந்த துப்புகளுக்குத் தனிப் பக்கங்கள் ஒதுக்கியிருந்தார். துறைமுக மதுக்கடையில் கிழவர் சொன்ன கதை, பாதி எரிந்த பயணக் குறிப்பு, யாருக்கென்று தெரியாமல் ஏற்றப்பட்ட மருந்துப் பெட்டிகள் ஆகியவற்றை அம்புக்குறிகளால் இணைத்துக்கொண்டே வந்தார். அந்த அம்புகளெல்லாம் ஒன்றுமில்லாத இடத்தை நோக்கிப் போயின என்று அன்று தெரிந்தபோது அவர் என்னிடம் கேட்டார்: "எங்க அம்மாவத் தீவுப் பக்கம் பாசி எடுக்க வரக்கூடாதுன்னப்பகூட, பவளப்பாறை அழியுதுன்னு ஒரு காரணம் சொன்னாக. இதுக்கு அதுகூட இல்லையாண்ணே?"

தடைசெய்யப்பட்ட இடம் எப்படி இருக்கும் என்பதை நம் கரையில் யாருக்கும் கற்பித்துச் சொல்ல வேண்டியதில்லை. பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரை உள்ள 21 தீவுகளும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாயின. கரையில் நின்றால் கண்ணுக்குத் தெரிகிற தீவில் நினைத்தபடி கால் வைக்க முடியாது. கடல் அட்டை பிடிப்பதற்கு 2001 முதல் தடை இருக்கிறது. இந்தத் தடைகள் சரியா தவறா என்று நம் ஊர்களில் இன்றும் சண்டை நடக்கிறது. சண்டை போட முடிவதே, காரணம் என்று ஒன்று சொல்லப்பட்டிருப்பதால்தான். பவளப்பாறை, கடற்பசு, கடற்புல் என்று தடை விதித்தவர்கள் சொல்கிறார்கள். எங்கள் பிழைப்பு என்று நாங்கள் சொல்கிறோம். 1964 டிசம்பர் புயலுக்குப் பின் வாழத் தகுதியற்றது என்று அறிவிக்கப்பட்ட தனுஷ்கோடியிலும் மீனவர்கள் குடிசை போட்டுத் தங்கி வலை இழுத்தார்கள். தடைக்கு ஒரு காரணமும், அதைக் காப்பவனும், அதை மீறுகிறவனும், அதனால் பிழைப்பை இழந்தவனும் இருக்கிறார்கள். தங்கள் வரைபடத்தின் ஏழு சிவப்பு வட்டங்களில் இவர்களில் ஒருவரைக்கூட நாங்கள் காணவில்லை.

எனவே என் கோரிக்கை இதுதான். தடைசெய்யப்பட்ட ஒவ்வோர் உலகத்துக்கும் காரணத்தை எழுதி, உறையில் இட்டு ஒட்டி வையுங்கள். யார் மூடினார்கள், எப்போது மூடினார்கள், உள்ளே யார் சிக்கியிருக்கிறார்கள், எது வெளியே கசிகிறது என்று அரைப் பக்கம் எழுதினால் போதும். அதை எங்களுக்குக் காட்ட வேண்டாம். ஆட்டம் முடியும்வரை நாங்கள் கண்டுபிடிக்காமலே போனாலும் உறையைத் திறக்க வேண்டாம். இரகசியம் காப்பது நடுவரின் உரிமை என்பதை நான் மதிக்கிறேன். காப்பதற்கு ஓர் இரகசியம் இருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

மூன்று ஊர்களிலிருந்து வரும் ஒன்பது பேர் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகளைத் தங்களை நம்பிக் கொடுத்தோம். துப்புகளை ஊன்றிப் படித்தவர்களும், தூங்கி வழிந்தவர்களும் கடைசியில் ஒரே வெற்றிடத்துக்குத்தான் வந்து சேர்வார்கள் என்றால், எங்களை யோசிக்கச் சொல்லித் துப்புக் கொடுத்தது எதற்கு? இதைக் கேட்கையில் என் குரல் சற்று உயர்ந்திருந்தால் மன்னியுங்கள். தாங்கள் மூவரும் செலவிடும் நேரத்தையும் உழைப்பையும் நான் அறியாதவன் அல்லன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை முதல் பகடை உருளும் முன், ஏழு உறைகளையும் மேசைமேல் வைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அந்த மாணவி இனி வரப்போவதில்லை என்று சொல்லிவிட்டுத் தம் நோட்டை மேசையிலேயே விட்டுச் சென்றார். அது என்னிடம் பத்திரமாக இருக்கிறது. உறைகள் தயார் என்று தாங்கள் ஒரு வார்த்தை சொன்னால், நானே மண்டபம் சென்று அதை அவரிடம் கொடுத்து அழைத்து வருவேன்.

தங்கள் உண்மையுள்ள,
கப்பல் தலைவனாக ஆடுபவன்,
பாம்பன்.