ஓய்வு கொடுக்கக் கூடாத கை

அன்பு மகளுக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருப்பதைப் பார்த்துப் பதறாதே. வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு இருப்பதால் இடது கையால் எழுதுகிறேன். "இந்த வயசுல இடது கைப் பழக்கமெல்லாம் எதுக்குப்பா, ரெண்டு கைக்கும் ஓய்வு கொடுங்க" என்று போனில் சொன்னாய். அக்கறையில் சொன்னதுதான், தெரியும். ஆனால் இத்தனை வருடம் உடலியல் பாடம் நடத்தியவனால் அதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. இப்போது ஓய்வு கொடுக்கவே கூடாத கை இந்த இடது கைதான்.

1894-இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்கிரிப்ச்சர் என்பவரும் அவரோடு வேலை செய்தவர்களும் ஒரு சோதனை செய்தார்கள். ரப்பர் குமிழை ஒரு கையால் மட்டும் நாள்தோறும் அழுத்திப் பழக வேண்டும். பிடியின் பலத்தைப் பாதரச மட்டம் காட்டிவிடும். பழகிய கைக்குப் பலம் கூடியது. குமிழைத் தொடாமலே இருந்த மறு கைக்கும் கூடியது! அந்தக் கையின் தசை பெருக்கவில்லை. மாறியது நரம்பு மண்டலம். ஒரு கை முழு மூச்சாக வேலை செய்யும்போது மூளையின் இரண்டு பக்க இயக்கப் பகுதிகளும் விழித்துக்கொள்கின்றன. இரு பாதிகளையும் இணைக்கும் கார்பஸ் கலோசத்தில் ஏறத்தாழ 20 கோடி நரம்பிழைகள் ஓடுகின்றன.

என் நிலைமைக்கு நேராகப் பொருந்துவது 2013-இல் கனடாவிலிருந்து வந்த ஆய்வு. மணிக்கட்டு முறிந்த, 50 வயது தாண்டிய பெண்களில் ஒரு பகுதியினருக்கு, முறியாத கைக்குப் பலப்பயிற்சி கொடுத்தார்கள். 12 வாரம் கழித்துப் பார்த்தால், பயிற்சி செய்யாதவர்களைவிட இவர்களுடைய முறிந்த கையில் பிடியும் அசைவும் மேலாக இருந்தன. 26 வாரம் ஆனபோது இரு தரப்பும் சமமாகிவிட்டார்கள், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இருந்தாலும் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ள நினைக்கிறவனுக்கு அந்த இடைப்பட்ட வாரங்கள் பெரிய விஷயம் அம்மா. பிசியோதெரபிஸ்டிடம் கேட்டுக்கொண்டுதான் இடது கையால் பந்தை அழுத்துகிறேன்.

எழுதுவது வேறு கதை. நேற்று 'ட' எழுதப் போனேன். கீழே இறங்கிய கோடு வலப்பக்கம் திரும்ப வேண்டும். இடது கை அதை இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. கண்ணாடியில் பார்த்த 'ட'! வலது கைக்கு அந்தக் கோடு உடம்பை விட்டு வெளியே போகிற அசைவு. இடது கையும் அதே மாதிரி வெளியே போனது, அதற்கு வெளியே என்றால் இடப்பக்கம். அந்த எழுத்தை எனக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று, காகிதத்தைக் கிழிக்காமல் எடுத்து வைத்திருக்கிறேன். வலது கை கற்றது இடது கைக்கு ஏற்கனவே வந்து சேர்ந்திருக்கிறது, திசைதான் புரண்டு கிடக்கிறது.

வயதைப் பற்றி நீ சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. நரம்புச் செய்தி மெதுவாகப் போகிறது, தசை குறைகிறது, கார்பஸ் கலோசத்தின் முன்பகுதி மெலிகிறது. விரல்களை ஒரு வரிசைப்படி தட்ட இளையவர்கள் பகலில் பழகினால், அது ஓர் இரவுத் தூக்கத்தில் மெருகேறிவிடும். வயதானவர்களுக்கு அந்த ஆதாயம் குறைவு. வேகத்தை விட்டுக்கொடுத்துத் துல்லியத்தைப் பிடித்துக்கொள்வதும் எங்கள் வழக்கம்.

ஆனால் எது தளர்கிறது, எது தளரவில்லை என்று பிரித்துப் பார்க்க வேண்டும். கையை நேராக நகர்த்தினால் திரையில் உள்ள புள்ளி சாய்வாகப் போகும்படி மாற்றி வைத்துச் சோதிப்பார்கள். 'ஓ, இவ்வளவு தள்ளிக் குறி வைக்கணுமா' என்று யோசித்து வழி கண்டுபிடிப்பதில் முதியவர்கள் பின்தங்குகிறார்கள். யோசிக்காமல் கை தானாகத் திருத்திக்கொள்ளும் கற்றல் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கிறது. இன்னொரு விஷயம் எனக்கே வியப்பு. இப்படிப்பட்ட சோதனைகளில் இளையவர்களிடம் சில வகைக் கற்றல் ஒரு கையிலிருந்து மறு கைக்கு ஒரு திசையில் மட்டும்தான் நன்றாகப் போகும். 2011-இல் வந்த ஓர் ஆய்வில் முதியவர்களிடம் அது இரண்டு திசையிலும் போனது. வயதான மூளை ஒரு கைக்கே இரண்டு பாதிகளையும் கூடுதலாகக் கூப்பிட்டுக்கொள்வது காரணமாக இருக்கலாம்.

2008-இல் ஜெர்மனியில் 60 வயதை ஒட்டியவர்களுக்கு மூன்று பந்துகளை மாற்றி மாற்றி எறிந்து பிடிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். இளையவர்கள் அளவுக்கு எல்லோருக்கும் வரவில்லை. ஆனால் மூன்று மாதப் பழக்கத்துக்குப் பின் ஸ்கேனில் மூளையின் சில பகுதிகள் சற்றே பெருத்திருந்தன, நினைவுக்கு உதவும் ஹிப்போகாம்பஸ் உட்பட. பழக்கத்தை நிறுத்தியதும் அந்த மாற்றம் வடிந்துவிட்டது. அதனால்தான் நிறுத்த மாட்டேன் என்கிறேன்.

எனக்காக நீ செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஏதாவது சொல்லிக் கொடுக்கும்போது ஒன்றை மட்டும் சொல், அது கையில் உட்காரும்வரை அடுத்ததற்குப் போகாதே. அம்மாவிடமும் நீயே பேசு. நான் ஒற்றைக் கையால் சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்தால் அவளுக்கு மனசு கேட்கவில்லை, ஓடி வந்து போட்டுவிடுகிறாள். மேல் பொத்தான் மட்டும் இன்னும் வசப்படவில்லை, அதற்கு அவள் வரட்டும். மற்றதெல்லாம் நானே போட்டுக்கொள்கிறேன், நேரம் ஆனால் ஆகட்டும்.

அன்புடன்,
அப்பா