புது டேப் வேண்டுமா என்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் செய்திகளைப் பற்றி எனக்குக் குறை இல்லை, அவற்றைத் திறக்கும் விதத்தில்தான் குறை. இணையதளத்தில் எந்தத் தலைப்பைச் சொடுக்கினாலும் அது புது டேப்பில் போய்த் திறக்கிறது, அதற்குள் இருக்கும் தொடர்புடைய செய்தியைச் சொடுக்கினால் இன்னொரு டேப், இப்படியே அரை மணி நேரம் படித்தால் மேலே வரிசையில் எது எந்தச் செய்தி என்று பெயர்கூடத் தெரியாத அளவுக்கு நெருக்கியடித்து நிற்கின்றன. என் அப்பா கணினியில் படிப்பவர். திரும்பி வர அவருக்குத் தெரிந்த ஒரே வழி இடது மூலையில் இருக்கும் அம்புக்குறி. புது டேப்புக்கு முந்தைய பக்கம் என்று ஒன்று கிடையாது, அதனால் அம்புக்குறி மங்கிப்போய்க் கிடக்கும். "இது வேலை செய்யலைடா" என்று என்னைக் கூப்பிடுவார். தினமும்.

இது புதிய புகாரும் இல்லை. இணையதளங்களின் பயன்பாட்டு எளிமையை ஆராயும் வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 1999இலேயே இணைய வடிவமைப்பின் பெரிய தவறுகளைப் பட்டியல் போட்டபோது, பின்செல்லும் பொத்தானைக் கெடுப்பதையும் புது ஜன்னல் திறப்பதையும் முதல் இரண்டு இடங்களில் வைத்தார். இணையப் பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லின் 4.01ஆம் பதிப்பு அதே ஆண்டு வந்தது; அதன் கண்டிப்பான வடிவத்தில், லிங்க்கைப் புது ஜன்னலில் திறக்கச் சொல்லும் 'டார்கெட்' பண்புக்கே இடமில்லை. அப்புறம் எச்டிஎம்எல் 5 அதை மறுபடி உள்ளே விட்டது, அது வேறு கதை. திரைவாசிப்பான் வைத்துக் கேட்டுப் படிப்பவர்களுக்குச் சிரமம் இன்னும் அதிகம். ஜன்னல் மாறியதே தெரியாமல் போகலாம். தேவையானால் மட்டும் புது ஜன்னல் திறங்கள், திறக்கும் முன் சொல்லிவிடுங்கள் என்பதுதான் அணுகல்தன்மை வழிகாட்டிகளின் அறிவுரை.

வாசகர் நம் தளத்தை விட்டுப் போய்விடக் கூடாது என்று காரணம் சொல்வார்கள். சரி, வெளித்தள லிங்க்குக்கு அப்படிச் சொன்னால் ஒரு பேச்சுக்கு ஒப்புக்கொள்ளலாம், உங்கள் தளத்துக்குள்ளேயே ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போகிறவர் எங்கே ஓடிவிடப் போகிறார்? புது டேப் வேண்டும் என்பவருக்குக் கண்ட்ரோல் விசையோடு சொடுக்கும் வழி இருக்கிறது, மவுஸ் சக்கரம் இருக்கிறது, செல்பேசியில் லிங்க்கை அழுத்திப் பிடித்தால் போதும். வேண்டாம் என்பவருக்கு அவ்வளவு சுலபமான வழி எதுவும் இல்லை. நீங்கள் சும்மா விட்டால் இருவருக்கும் வேண்டியது கிடைக்கும், நீங்களே தீர்மானித்தால் ஒருவருக்கு மட்டும்தான்.

எல்லா இடத்திலும் தப்பு என்று சொல்லவில்லை. நீண்ட படிவத்தைப் பாதி நிரப்பியிருக்கும்போது விதிமுறைகளைப் படிக்கச் சொடுக்கினால், அது தனியாகத் திறப்பதுதான் நல்லது, இல்லையென்றால் தட்டச்சு செய்த அத்தனையும் போய்விடக்கூடும்.

பழைய உலாவிகளில் இதனால் ஓர் ஆபத்தும் இருந்தது. புது டேப்பில் திறந்த அந்நியத் தளம், நாம் விட்டுவந்த பழைய டேப்பைச் சத்தமில்லாமல் போலிப் பக்கத்துக்குத் திருப்பிவிட முடியும். குரோம் 2021 ஜனவரியில் 88ஆம் பதிப்பில்தான் இதைத் தானாகவே அடைத்தது, சஃபாரியும் ஃபயர்பாக்ஸும் அதற்கு முன்பே செய்துவிட்டன.

தலைப்புகளிலும் தொடர்புடைய செய்திகளிலும் இருக்கும் அந்த 'டார்கெட்'டை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். வெளித்தள லிங்க்குகளைப் பற்றி அப்புறம் சண்டை போட்டுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தினமும் டேப் மூடும் வாசகன்