பருவ நிறைவும் கைவினைக் கண்காட்சியும்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு முடிந்து பிள்ளைகள் விடுமுறைக்குக் கிளம்புகிறார்கள். பருவம் நல்லபடியாகவே போனது. குழந்தைகள் தின விழா சிறப்பாக நடந்தது, விளையாட்டுப் போட்டிகளில் மாணவர்கள் உற்சாகமாகக் கலந்துகொண்டார்கள், கீழ் வகுப்புகளில் வாசிப்பு முன்னேறியிருக்கிறது. எல்லோருக்கும் பாராட்டுகள். விடைத்தாள்கள் பள்ளி திறந்ததும் கிடைக்கும்.

அப்புறம், நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்குச் சென்ற வாரம் நடந்த கைவினைக் கண்காட்சி பற்றிக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

வீட்டில் சும்மா கிடக்கும் ஒரு பொருளை எடுத்து, சாமான்களை ஒழுங்காக வைக்க உதவும் ஒன்றாக அழகுபடுத்திக் கொண்டு வரச் சொல்லியிருந்தோம். பேனா ஸ்டாண்டு, சாவி மாட்டி, வளையல் ஸ்டாண்டு, எதுவானாலும் சரி என்று டைரியில் எழுதி அனுப்பினோம். நம் வீடுகளுக்கு இது புதிதல்ல. ஹார்லிக்ஸ் பாட்டிலில் துவரம்பருப்பும், பிஸ்கட் டின்னில் ஊசி நூலும் வைத்திருந்த வீடுகளில்தான் நாம் எல்லோரும் வளர்ந்தோம். பழைய காகிதத்தை ஊறவைத்து, வெந்தயத்தோடு அரைத்துக் கூடை செய்த பாட்டிமார்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் கைப்பழக்கம் பிள்ளைகளுக்கும் கொஞ்சம் வரட்டும் என்பதுதான் எண்ணம்.

மேசைக்கு வந்தவை பார்க்க அழகாகத்தான் இருந்தன. முத்துச் சரம், தங்க நிற லேஸ், கண்ணாடிச் சில்லு என்று ஜொலித்தன. ஆனால் ஐஸ்கிரீம் குச்சிகள் சாப்பிட்டுச் சேர்த்தவை அல்ல, கடையில் கட்டாக வாங்கியவை. பாட்டில் வேண்டும் என்பதற்காக அதிலிருந்த புது ஊறுகாயை வேறு டப்பாவுக்கு மாற்றியதாக ஒரு மாணவி வெகுளியாகச் சொன்னாள். ஒரு நகைத் தாங்கியின் அடியில் விலைச் சீட்டு அப்படியே இருந்தது. எப்படிச் செய்தாய் என்று கேட்டால், "சித்திக்குத்தான் தெரியும் டீச்சர்" என்று பதில் வருகிறது. புதுத் தெர்மாகோல் அட்டைகளும் வந்திருந்தன. அலங்காரத்துக்கான தெர்மாகோல் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடைப் பட்டியலில் இருக்கிறது. குப்பையைக் குறைக்கக் கொடுத்த வேலைக்காகப் புதுக் குப்பையை விலை கொடுத்து வாங்கியிருக்கிறோம்.

உங்கள் சிரமம் எங்களுக்குப் புரியாமல் இல்லை. வேலை முடிந்து வீடு வந்து சேரவே இரவாகிவிடுகிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளை பளபளவென்று ஒன்று கொண்டு போகும்போது நம் பிள்ளை கோணலான ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனால் மனம் கேட்பதில்லை. மதிப்பெண் கவலை வேறு. எல்லாம் பிள்ளைமேல் உள்ள பாசம்தான்.

ஆனால் அன்று நடந்ததையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு மாணவன் காலித் தீப்பெட்டிகளை அடுக்கி ஒட்டி, ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு சட்டைப் பொத்தானைப் பிடியாக வைத்து, குட்டி இழுப்பறை செய்திருந்தான். "நடுவில் இருப்பது மட்டும் திறக்காது, பசை உள்ளே போய்விட்டது" என்று அவனே சொன்னான். அடுத்த தடவை ஓரத்தில் மட்டும் பசை தடவ வேண்டும் என்றும் சொன்னான். நாங்கள் கற்றுக்கொடுக்க நினைத்தது அவ்வளவுதான், அவன் தானாகவே கற்றுக்கொண்டுவிட்டான். ஆனால் பார்வையாளர்கள் வந்தபோது அந்த இழுப்பறை மேசையில் இல்லை. பக்கத்தில் இருந்த அலங்காரங்களைப் பார்த்துவிட்டு, அதை எடுத்துப் பைக்குள் வைத்துவிட்டான். இதற்கு அவன் காரணமில்லை, பெரியவர்களாகிய நாம்தான் காரணம்.

ஆகவே இனிமேல் கடையில் வாங்கியதோ பெரியவர்கள் செய்ததோ வந்தால், அது மேசையில் வைக்கப்படாது, மதிப்பெண்ணும் கிடையாது. இதில் விதிவிலக்குக் கேட்க வேண்டாம். பாதுகாப்பிலும் அப்படித்தான். பசைத் துப்பாக்கியிலிருந்து உருகி வரும் பசை கொதிக்கும் தண்ணீரைவிடச் சூடானது. ஒரு பிள்ளை விரலில் கட்டோடு வந்தது. நூலை மண்ணெண்ணெயில் நனைத்துப் பாட்டிலில் சுற்றிக் கொளுத்தி வெட்டும் வீடியோக்களைப் பிள்ளைகள் பார்க்கிறார்கள், அதை வீட்டில் யாரும் முயலக் கூடாது. ஆசிட், பூச்சிமருந்து வைத்திருந்த பாட்டில்களை எவ்வளவு கழுவினாலும் பள்ளிக்குக் கொண்டு வர அனுமதி இல்லை.

சரி, அடுத்து என்ன? விடுமுறை முடிந்து, போகிக்கு முன்பாக, இந்த வேலையை வகுப்பறையிலேயே மறுபடியும் செய்யப் போகிறோம். போகிக்குத் தூக்கிப்போட எடுத்து வைப்பதிலிருந்து ஏதாவது ஒன்றைக் கொடுத்து அனுப்புங்கள், போதும். தேதி கிழித்து முடிந்த காலண்டரின் அட்டை மிக நல்லது, கெட்டியாக இருக்கும். சாமி படம் இருந்தால் வீட்டிலேயே எடுத்துவிடுங்கள். செருப்பு வாங்கிய பெட்டி, பழைய கல்யாணப் பத்திரிகை, கொட்டாங்குச்சி, கிழிந்த ஜீன்ஸின் பாக்கெட் எல்லாமே உதவும். மைதா பசையைப் பள்ளியிலேயே காய்ச்சிக்கொள்கிறோம். பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் சேர்க்கும் வழக்கம் உண்டு, அது விஷம் என்பதால் இங்கே சேர்க்க மாட்டோம். நேரம் கிடைக்கும் பெற்றோர் வந்து பார்க்கலாம். கத்தரிக்கோலை மட்டும் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள்.

கண்காட்சியன்று மேசை போட உதவியவர்களுக்கும், வெயிலில் காத்திருந்து எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்த தாத்தா பாட்டிகளுக்கும், ராத்திரி முழுக்கக் கண்விழித்து லேஸ் ஒட்டிய அம்மாக்களுக்கும் கூட எங்கள் மனமார்ந்த நன்றி. உங்கள் அக்கறை இல்லாமல் இந்தப் பள்ளி நடக்காது. விடுமுறையும் பொங்கலும் நல்லபடியாக அமையட்டும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்

பின்குறிப்பு: கண்காட்சிப் பொருட்கள் சில இன்னும் அலுவலக அறையில் இருக்கின்றன. பள்ளி திறக்கும் வாரத்துக்குள் பிள்ளைகளிடம் சொல்லி வாங்கிக்கொள்ளவும்.